ராஜசிங் வாத்தியார் கண்டெடுத்த இசபெல் கெண்டை

திருத்தங்கலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த ராஜசிங் வாத்தியாருக்கு உடம்பில் எந்தக் குறையும் கிடையாது, நன்றி உணர்ச்சியைத் தவிர. அது மற்றவர்களுக்குப் போல அவருக்கு அளவோடு அமையவில்லை. பஸ் கண்டக்டர் சரியான சில்லறை கொடுத்துவிட்டால் போதும், இறங்கின பிறகும் ஜன்னலுக்குக் கீழே நின்று நன்றி சொல்வார். பஸ் நகர்ந்தால் கூடவே நடப்பார். பஸ் வேகமெடுத்தால்தான் கண்டக்டருக்கு விடுதலை.

அவருடைய மனைவி ஞானதீபம் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். "இவுக தும்முனா யாரும் 'நூறு'ன்னு சொல்லிராதீக. சொன்னவுக வீட்டுக்கெல்லாம் பலகாரம் சுட்டு அனுப்ப எனக்குத் தெம்பு கிடையாது."

இப்பேர்ப்பட்ட மனிதரை, ராமநாதபுரம் ஜில்லாவிலேயே எதையும் கைநீட்டி வாங்காத ஒரு நர்சிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது கர்த்தருடைய சித்தம் என்று வாத்தியார் பிற்பாடு சொல்லுவார். டைபாய்டு என்று டாக்டர் சொன்னார்.

அது 1955ஆம் வருஷம். சிவகாசி ஆஸ்பத்திரியில் வாத்தியார் வாரக்கணக்கில் கிடந்தார். காய்ச்சலில் அவர் மீன்களின் லத்தீன் பெயர்களாக உளறிக்கொண்டிருந்தார் என்றும், பக்கத்துக் கட்டில்காரர் அதை மந்திரம் என்று நினைத்துக் கட்டிலை மாற்றிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அந்த நாட்களில் அவருக்கு நினைவு நின்றது ஒரே ஒரு வாசகம். வார்டு நர்ஸ் இசபெல் அவருடைய நெற்றித் துணியை மாற்றிக்கொண்டே சொன்னது.

"வாத்தியாரய்யா, இந்த மாசம் இந்த வார்டுல யாரும் சாகல. நீங்க ஆரம்பிச்சு வைக்காதீக."

தப்பான முன்மாதிரியாக இருக்கக் கூடாது என்பது வாத்தியார்களுக்கு ரத்தத்தில் ஊறியது. பிழைத்துக்கொண்டார்.

பிழைத்த கையோடு வியாதி ஆரம்பித்தது. முதல் ஞாயிறே கோவிலில் ஸ்தோத்திரக் காணிக்கை கட்டினார். அது சுலபமாக முடிந்துவிட்டது, ஆண்டவர் வாங்கிக்கொண்டார். இசபெல்தான் வாங்கவில்லை. ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுபோனார். அவர் கண்முன்னாலேயே அது வார்டில் கட்டிலுக்கு ஒன்றாகப் பட்டுவாடா ஆனது, அவருக்கும் ஒன்று வந்தது. சேலை எடுத்துப் போனார். "நான் உடுத்துறது வெள்ளை. இத வீட்டம்மாகிட்டக் குடுத்து, 'ஒனக்குன்னுதான் எடுத்தேன்'னு சொல்லுங்க. குடும்பம் நல்லாருக்கும்" என்றார் இசபெல். ஒரு தரம் சேவல் கொண்டுபோனார். அது ஆபரேஷன் நடக்கிற நேரம் பார்த்துக் கூவியதில், டாக்டர் சேவலையும் வாத்தியாரையும் ஒரே கையால் வெளியேற்றினார்.

கடைசியில் இசபெல் அவரை வராந்தாவில் நிறுத்திக் காரணம் சொன்னார்.

"நோயாளிக கையால ஒண்ணும் வாங்குறதில்லன்னு வச்சிருக்கேன். ஒருத்தர்ட்ட வாங்குனேன்னா, குடுக்க வழியில்லாதவுக என் மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டாக. தீப்பெட்டியாபீஸ்ல வேல பாக்குற பொம்பளைக அம்புட்டுப் பேரும் என்ன நிமிந்து பாக்கணும். நாக்க நீட்டச் சொல்ல வேண்டியிருக்கில்ல."

நியாயம்தான். நியாயம் என்று ஒப்புக்கொண்டுதான் வாத்தியார் வீடு திரும்பினார். ஆனால் நன்றி என்பது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி. நியாயம் சொன்னால் இறங்காது.

முள் என்றதும் மீனுக்கு வருவோம். வாத்தியாருக்கு மீன் என்பது சாப்பாட்டு விஷயம் மட்டுமல்ல. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் ஒரு பழைய புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது. இந்த நாட்டு ஆற்றிலும் குளத்திலும் உள்ள மீன்களையெல்லாம் ஒரு வெள்ளைக்காரத் துரை பிடித்து, துடுப்பு முள்ளை எண்ணி, செதிலை எண்ணி, இன்ன குடும்பம், இன்ன இனம் என்று பிரித்துப் பெயர் எழுதிய புத்தகம். தலைக்கு வைத்தால் கழுத்து சுளுக்கும். அதைப் படித்துப் படித்து வாத்தியார் ஒரு வழக்கத்தைத் தெரிந்துவைத்திருந்தார். உலகத்தில் யாரும் காணாத மீனை முதலில் கண்டு எழுதுகிறவருக்கு, பெயர் வைக்கும் பாத்தியதை உண்டு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு. ஆனால் தனக்கு நன்மை செய்தவர்கள் பெயரை வைக்கலாம். துரைமார்கள் அப்படித்தான் நம் ஊர் அயிரைக்கும் கெளுத்திக்கும் கலெக்டர் பெயரும் கர்னல் பெயரும் வைத்துவிட்டுக் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். கெளுத்தியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஒரு நாள் கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே வாத்தியாருக்குப் பொறி தட்டியது. பெயரை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. வார்டில் பங்கு வைக்கவும் முடியாது. ஒரு புது மீனைக் கண்டுபிடிப்பது, அதற்கு இசபெல் என்று பெயர் வைப்பது. உலகம் உள்ளளவும் நன்றி நிற்கும்.

ஞானதீபத்திடம் சொன்னார். வேறு வீடாக இருந்தால் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. ஞானதீபம் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்.

"வைங்க. நானும் நித்தம் கும்பிடுற பேருதான். ஆனா நல்ல மீனாப் பாத்து வைங்க. கண்ட பொடி மீனுக்கு வச்சு அவுக பேரக் கெடுத்துராதீக."

இதில் ஒரே ஒரு சின்ன இடைஞ்சல், ஊர். கரிசல் பூமியில் மீனை வகைப்படுத்தக் கிளம்புகிறவன் முதலில் தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் உண்டு. சித்திரையில் அதே கண்மாயில் மாடு மேயும். இருந்தாலும் வாத்தியார் ஆமத்தூர்க் கண்மாயைத் தேர்ந்தெடுத்தார். அங்கே மீன்பிடி ஏலம் எடுத்திருந்தவர் சங்கையா. அவரும் மீன்களை வகைப்படுத்தி வைத்திருந்தார். குழம்புக்கு, வறுவலுக்கு, கருவாட்டுக்கு, பூனைக்கு என்று நாலே குடும்பம். வாத்தியாருடைய குடும்பங்கள் நூற்றுக்கு மேல் போயின. இரண்டு விஞ்ஞானிகளும் கரையில் உட்கார்ந்து வாதாடுவார்கள்.

"சங்கையா, இது ரெண்டும் வேற வேற இனம். எலும்பப் பாத்தாத்தான் தெரியும்."

"எலும்பத்தான துப்பிருதோம். அதுல என்னத்தப் பாக்க?"

யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மீன் மட்டும் விட்டுக்கொடுத்தது. ஆனால் வாத்தியார் கூட்டிக் கழித்து எண்ணிப் பார்த்த ஒவ்வொரு மீனும் துரையின் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. அந்த மனிதர் ஒரு உளுவையைக்கூட விட்டுவைக்கவில்லை. சுதந்திரம் வந்தும் இந்த விஷயத்தில் பிரயோஜனமில்லை என்று வாத்தியார் வருத்தப்பட்டார்.

இடையில் ஒரு சட்டச் சிக்கலும் வந்தது. மீனை அழுகாமல் வைத்துப் பார்க்க ஸ்பிரிட்டில் போட வேண்டும். அந்தக் காலத்தில் மதுவிலக்கு அமலில் இருந்தது. ஒரு சாயங்காலம் ஆமத்தூர் பஸ்ஸில், மடியில் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்துக்கொண்டு வாத்தியார் வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் கான்ஸ்டபிள் தங்கச்சாமி. அவருடைய மூக்கு டிபார்ட்மெண்டில் பெயரெடுத்த மூக்கு.

"என்னது வாத்தியாரே இது?"

"கெளுத்தி."

"கெளுத்தி கண்ணுக்குத் தெரியுது. அது எதுல முங்கிக் கெடக்கு?"

"ஸ்பிரிட்ல." வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது.

தங்கச்சாமி ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாராயத்துக்குத் தொட்டுக்கிறதுக்குக் கருவாடு கொண்டு போறவனப் பாத்துருக்கேன். சாராயத்துக்குள்ளயே தொட்டுக்கிறதையும் போட்டு மூடி எடுத்துட்டுப் போறவர இப்பத்தான் பாக்கேன். படிச்சவுக படிச்சவுகதான்."

ஸ்டேஷனில் வாத்தியார் மீன்களின் குடும்ப வரலாற்றை விளக்கினார். விளக்க விளக்க, அவர் குடித்திருக்கிறார் என்கிற சந்தேகம் ஸ்டேஷனில் வலுத்துக்கொண்டே போனது. செய்தி எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போய், டியூட்டி முடிந்த இசபெல் வெள்ளை உடுப்போடு அப்படியே வந்து நின்றார்.

"இவரு குடலு என் பொறுப்புல இருந்த குடலு" என்றார். "அதுல ஒரு முடக்குச் சாராயம் எறங்கியிருந்தா இவரு இங்கன உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டாரு. வேணும்னா ஜாடியில பாதிய இவருக்குக் குடுத்துப் பாருங்க. ஆனா கேஸ நீங்கதான் எழுதணும், கொலைக் கேஸா எழுதணும்."

ஸ்டேஷன் அந்தச் சோதனைக்குத் துணியவில்லை. வாத்தியாரை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் டாக்டரிடம் கேட்டு, ஸ்பிரிட்டுக்குப் பதிலாக மீனை ஊறவைக்க ஒரு புட்டி ஃபார்மலினும் இசபெல் கொடுத்தனுப்பினார். "இத எவனும் குடிக்க மாட்டான். தைரியமா பஸ்ஸுல கொண்டு போங்க."

வாத்தியார் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உயிர் கொடுத்ததற்கே நன்றி பாக்கி. அதைத் தீர்க்கப் போன இடத்தில் மானத்தையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். போதாததற்கு ஃபார்மலின். வட்டிக்கு விடுகிறவர்கள்கூட இப்படி ஏற்றமாட்டார்கள்.

1958ஆம் வருஷம் நல்ல மழை. கார்த்திகை மாதம் ஒரு காலையில் சங்கையா ஆளனுப்பினார். "வாத்தியார வரச் சொல்லு. என் நாலு குடும்பத்துலயும் அடங்காதது ஒண்ணு விழுந்திருக்கு."

விழுந்தது ஒரு பட்டையான மீன். உள்ளங்கைக்கு மேல் அகலம், சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம். முதுகில் வரிசையாக முள் நட்டிருந்தது. கெண்டை இல்லை, கெண்டைக்கு இப்படி முள் கிடையாது. வாத்தியார் அதை வாளியில் விட்டுக் குனிந்தார். மீன் வாயைத் திறந்தது. வாயிலிருந்து குஞ்சுகள் பொலபொலவென்று வெளியே வந்தன.

"அடப் பாவி, பெத்த பிள்ளையத் திங்குதே" என்றார் சங்கையா.

"பொறுங்க."

கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார்கள். வாளி அமைதியானதும் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து தாயின் வாய்க்குள்ளேயே புகுந்துகொண்டன. தாய் வாயை மூடிக்கொண்டது. அத்தனை பிள்ளைகளையும் வாயில் வைத்துக்கொண்டு, தான் ஒன்றும் தின்னாமல், கன்னம் உப்ப நின்றது.

வாத்தியார் சகதியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரார் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரு வார்டுக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் நிற்கிற ஒருவரை அவர் அறிவார்.

புத்தகத்தைப் புரட்டினார். மலையாளக் கரையில் காயலில் கிடக்கிற கரிமீன் கொஞ்சம் ஜாடை காட்டியது, தூரத்துச் சொந்தம் மாதிரி. மற்றபடி இந்த மீன் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இல்லையென்றால் உலகத்தில் யாரும் கண்டதில்லை, ஆகவே புதிது. இந்தத் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை, ஒன்றைத் தவிர. அந்தப் புத்தகம் விக்டோரியா மகாராணி காலத்தில் அச்சானது. அதற்குப் பிறகும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது வாத்தியாருக்கு அப்போது தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குக் கப்பல் கண்ணில் படாது.

லத்தீனில் பெண்ணின் பெயரை மீனுக்கு வைத்தால் கடைசி எழுத்து மாறும். இசபெல்லா என்பது 'இசபெல்லே' ஆகும். வாத்தியார் அழகான கையெழுத்தில் எழுதி, ஃபார்மலினில் ஊறிய மீனோடு மெட்ராஸில் மீன் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பார்சல் அனுப்பினார். அனுப்பிவிட்டு, இந்தத் தடவை திருப்பிக் கொடுக்க முடியாத வெகுமதியோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு ஆயா மாரித்தாயும் கூட இருந்தார்.

"நர்சம்மா, ஒரு புது மீனுக்கு ஒங்க பேர வச்சிருக்கேன். இனிமே அது உலகம் பூரா இசபெல்லே."

இசபெல் ஊசியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீக?"

"இசபெல்லே."

"லேயா? என்ன லே போட்டுக் கூப்புடுதீகளா?"

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. தெற்கத்திச் சீமையில் 'லே' என்பது மாடு மேய்க்கிற பயலையும், வகுப்பில் பின்பெஞ்சையும் கூப்பிடுகிற எழுத்து. வாலே, போலே, உக்காருலே. லத்தீனை உண்டாக்கியவர்கள் ஒரு தரம் விருதுநகர்ப் பக்கம் வந்துபோயிருந்தால் அந்த விகுதியை வைத்திருக்க மாட்டார்கள்.

"அது லத்தீன் நர்சம்மா. மரியாத."

"பொம்பளையக் கூப்புட 'ளா'ன்னாவது சொல்லுவாக" என்றார் மாரித்தாய். "இவரு ஆம்பளப் பயலக் கூப்புடுற மாதிரில்ல கூப்புடுதாரு. இம்புட்டுப் பணிவிட செஞ்சதுக்கு இதுதானா?"

"வேண்டாம் வாத்தியாரய்யா" என்றார் இசபெல்.

"பார்சல் போயிருச்சே."

இசபெல் ஊசியைத் திரும்பக் கையில் எடுத்தார். "சரி, மெட்ராஸ்ல எவன் என்னயப் பாக்கப் போறான். அங்கயே கெடக்கட்டும் அந்த லே."

மெட்ராஸில் கிடந்திருந்தால் இந்தக் கதை இல்லை. வாத்தியார் முதல்நாள் சகதியில் உட்கார்ந்தபடியே சங்கையாவிடம் பெயரைச் சொல்லியிருந்தார். கண்மாயில் அந்த மீன் மளமளவென்று பெருகியது. சங்கையாவுக்கோ ஒரு புதுச் சரக்கு, பெயரில்லாத சரக்கு. கறுப்பாக, முள்ளோடு, பிள்ளையைத் துப்புகிற மீனை யார் வாங்குவார்? பெயர் இருந்தால் வாங்குவார்கள். திருத்தங்கல் சந்தையில் மீன் விற்கிற ஆவுடைத்தாய் லத்தீனை ஒரே நாளில் சீர்திருத்தினார்.

"நர்சம்மா கெண்டை, நர்சம்மா கெண்டை. காச்சக்காரவுகளுக்கு நல்லது, பிள்ள பெத்தவுகளுக்கு நல்லது. வாத்தியாரே பேரு வச்ச மீனு."

நல்ல பெயர் என்பது இதுதான். இசபெல் கைபட்டுப் பிழைத்த குடும்பம் எத்தனை. அத்தனை பேரும் நம்பி வாங்கினார்கள். மீனும் ருசியாக இருந்துதொலைத்தது. தீப்பெட்டியாபீஸ் விட்டு வருகிற பெண்கள் தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். "இன்னைக்கு எங்க வீட்டுல நர்சம்மாக் குழம்பு." "நாங்க நர்சம்மாவ வறுத்தோம்." "நேத்து வாங்குனது கொஞ்சம் நாறிப்போச்சு."

அது ஆஸ்பத்திரி வரை வந்தது. ஊசி போட்டுக்கொள்ள வந்த ஆள் ஒருவர் இசபெல்லைப் பார்த்துச் சிரிப்பை அடக்கமுடியாமல் ஊசியை இடம் மாறி வாங்கிக்கொண்டார். எந்தப் பெண்கள் தன் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று இசபெல் இத்தனை வருஷம் எதையும் வாங்காமல் இருந்தாரோ, அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். இசபெல் வாத்தியாரிடம் பேசுவதை நிறுத்தினார். முன்பெல்லாம் வழியில் கண்டால் "சாப்பிட்டீகளா, மாத்திர போட்டீகளா" என்று கேட்பார். இப்போது குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்.

வாத்தியாருக்கு அது டைபாய்டைவிட மோசமாக இருந்தது. நன்றி சொல்லப் போய், நலம் விசாரிக்கிறதையும் இழந்து நின்றார். ஆவுடைத்தாயிடம் போய்க் கெஞ்சினார்.

"அந்தப் பேரச் சொல்லாதீக, தாயி. அவுகளுக்குச் சங்கடமா இருக்கு."

"வேற பேரு குடுங்க சாரு. பேரில்லாத மீன எவ வாங்குவா?"

வாத்தியார் பட்டைக்கெண்டை என்றார். முள்ளுக்கெண்டை என்றார். வாய்ப்பிள்ளைக்கெண்டை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். ஆவுடைத்தாய் ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்றுவிட்டுத் துப்பினார். "ஒண்ணும் நாக்குல ஏற மாட்டேங்குது. ஒங்க பேர வச்சிருவமா?"

"வைங்க தாயி."

"அதுக்கு மீச வேணுமே சாரு. ஒங்க பேரு கெளுத்திக்குத்தான் பொருந்தும்."

பெயர் வைக்க ஒரு வாத்தியார் போதும். எடுப்பதற்கு ஊர் மனசு வைக்க வேண்டும். ஊர் மனசு வைக்கவில்லை.

மறு வருஷ மழைக்குப் பிறகு ஆமத்தூர்க் கண்மாய்க் கரையில் ஒரு ஜீப் வந்து நின்றது. மீன் இலாகா ஆபீசர் ஒருவர் இறங்கினார். பின்னால் தகர டின்களில் தண்ணீரும் குஞ்சுகளும். வாத்தியார் அங்கேதான் இருந்தார். டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே அத்தனையும் இசபெல்.

"இது எங்க கண்மாய் மீனாச்சே" என்றார்.

"ஒங்க கண்மாய்க்கும் வந்திருச்சா? போன தடவ அடுத்த கண்மாய்ல விட்டோம். வெள்ளத்துல ஏறி வந்திருக்கும்" என்றார் ஆபீசர். "ஆப்பிரிக்கா மீன் சார். வெளிநாட்டுலருந்து சர்க்கார் கொண்டுவந்து வளக்குது. சீக்கிரம் பெருகும், ஏழைகளுக்கு நல்ல உணவு. இதுக்கு நூறு வருஷம் முந்தியே ஒரு ஜெர்மன்காரர் பேரு வச்சாச்சு. நாங்க திலேபியாம்போம்."

"சிலேபியா?" என்றார் சங்கையா.

"திலேபியா."

"அதத்தான் சொல்லுதேன். சிலேபி."

அந்த வார்த்தை சங்கையாவின் வாயிலிருந்து ஆவுடைத்தாயின் வாய்க்குப் போக ஒரு பொழுதுதான் ஆனது. சிலேபி என்றால் திருவிழாவுக்குத் திருவிழா தின்கிற பண்டம், சொல்லும்போதே எச்சில் ஊறுகிறது. மருந்து வாடையடிக்கிற பெயரை ஊர் அன்றைக்கே கைகழுவியது. வாத்தியார் ஒரு வருஷமாக முயன்று முடியாததை ஒரு மிட்டாய் செய்து முடித்தது.

வாத்தியாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மீனும் போனது, பெயரும் போனது. மெட்ராஸ்காரர்கள் பார்சலுக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் விளங்கிவிட்டது. சிரித்து முடிக்க நேரம் வேண்டியிருந்திருக்கும். நாலு வருஷம் முன்னால் இருந்த நன்றிக்கடன் அப்படியே இருந்தது, மேலே ஒரு அவமானத்தையும் ஏற்றிவைத்தாகிவிட்டது. ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும். மத்தியானம் வார்டு அடங்கின நேரமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றார். இசபெல்லும் மாரித்தாயும் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நர்சம்மா, அந்த மீனு ஒங்க மீனு இல்ல."

இசபெல் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை.

"அப்ப யாரு மீனு?"

"ஆப்பிரிக்காவுது. ஏற்கனவே பேரு இருக்காம். நான் வச்சது செல்லாது. சந்தையில இப்ப சிலேபின்னு சொல்லுதாக."

"ஆவுடைத்தாயுமா?"

"அவதான் முதல்ல."

"இனிமே யாரும் நர்சம்மா கெண்டைன்னு கேக்க மாட்டாகளே?"

"கேக்க மாட்டாக. என்ன மன்னிச்சுக்கோங்க. நான் நன்றிக்குன்னுதான்..."

இசபெல் பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்பாடா. அப்ப இனி நானும் திங்கலாம்."

வாத்தியாருக்குப் புரியவில்லை.

"ஒரு வருசமா ஊரே திங்குது. டாக்டரு திங்காரு. இவ திங்கா." மாரித்தாய் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் ருசியா இருக்குன்னு ருசியா இருக்குன்னு சொல்லுதீக. எனக்கு மீனுன்னா உசிரு. நான் சந்தையில போயி என்னன்னு கேக்க? நர்சம்மாவுக்கு நர்சம்மா ஒரு கூறு போடுன்னா? வாசன மட்டும் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன் வாத்தியாரய்யா."

வாத்தியார் தன்னை மறந்தார். "இந்த ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வாங்க நர்சம்மா. வீட்டுல நல்லா வப்பா." சொன்ன மறுநிமிஷம் ஆரஞ்சும் சேலையும் சேவலும் ஞாபகம் வந்து, "இல்ல, நீங்க வாங்க மாட்டீக. தெரியும்" என்று தானே பின்வாங்கினார்.

"அன்பளிப்பா இருந்தா வரமாட்டேன்" என்றார் இசபெல். கொஞ்சம் யோசித்தார். அவர் சட்டம் அவர் போட்டது, அதில் என்னென்ன இடுக்கு உண்டு என்று அவருக்குத்தான் தெரியும். "ஆனா நீங்க என் பேரக் கெடுத்திருக்கீக. ஊரு பூரா வச்சு வறுத்திருக்கீக. லே வேற போட்டிருக்கீக. அதுக்கு நஷ்டஈடுன்னா வாரேன். நஷ்டஈடு வாங்குறதுல தப்பில்ல. எல்லாரும் வாங்குறதுதான்."

"நஷ்டஈடுதான் நர்சம்மா. முழுசா நஷ்டஈடு."

"நானு?" என்றார் மாரித்தாய்.

"நீ சாட்சி. வா."

அபராதம் விதிக்கப்பட்டு அவ்வளவு சந்தோஷமாக வெளியே வந்த மனிதரை அந்த ஜில்லாவில் எந்தக் கோர்ட்டும் கண்டதில்லை. நல்லது செய்தவர்களுக்கு நன்றி செலுத்துவது எப்படி என்று கோவிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறார் வாத்தியார். முதலில் அவர்களுக்கு ஒரு கெடுதல் செய்துகொள்ள வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இசபெல் வந்தார். வெள்ளை உடுப்பு இல்லை, ஒரு சாம்பல் நிறச் சேலை. ஞானதீபம் பாதியைக் குழம்பு வைத்து, பாதியை மிளகுபோட்டு வறுத்திருந்தார். இலை போட்டதும் வாத்தியார் எதிரே உட்கார்ந்து, முதுகுத் துடுப்பில் எது முள், எது கதிர், விலாவில் ஓடுகிற கோடு ஏன் பாதியில் அறுந்து கீழே தொடங்குகிறது என்று விளக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, அவுக திங்கட்டும்" என்றார் ஞானதீபம்.

இசபெல் முதல் துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடினார். முள்ளை இலை ஓரத்தில் ஒதுக்கினார், அடுத்ததைப் பிட்டார். இலைக்குத் துண்டுகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. எத்தனையோ பேருக்குக் கஞ்சி ஊட்டிய கை அவருக்கே ஊட்டிக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல்.

ஞானதீபத்துக்கு நாலு வருஷமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் ஊர் மொத்தத்துக்குமான நன்றியைக் குத்தகை எடுத்துவிட்டதால் அவருக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. இப்போது கரண்டியோடு நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு இவுக பொழைக்க மாட்டாகன்னு நான் துக்கத்துக்கு உடுத்தன்னு கறுப்புச் சேலைய எடுத்து மடிச்சு வச்சிருந்தேன் நர்சம்மா."

"தெரியும்" என்றார் இசபெல். "நீங்க பையில வச்சிருந்தீக. மாரித்தாய்தான் எடுத்து ஒளிச்சு வச்சா. நான்தான் சொன்னேன்."

மாரித்தாய் சாட்சி என்கிற முறையில் தலையாட்டினார், வாயில் மீன் இருந்ததால் பேசவில்லை.

இசபெல் இலையைப் பார்த்தார். சோறு தீர்ந்திருந்தது, குழம்பு மட்டும் கொஞ்சம் மிச்சம் நின்றது. எந்தக் கூச்சமும் இல்லாமல், சொந்த வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் சோறு கிடைக்குமா?"

வாத்தியாரும் ஞானதீபமும் ஒரே நேரத்தில் பாய்ந்து, அடுப்படி வாசலில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.